காப்பு என்று நினைத்தேன்

மகளின் இடது மணிக்கட்டில் அந்த நூலை நான் முதன்முதலாகக் கண்டது ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில், அவள் குசினியில் தேநீர்க் கோப்பையைக் கழுவிக்கொண்டிருந்தபோது. சிவப்புக் கம்பளி நூலும் வெள்ளைக் கம்பளி நூலும் சேர்த்து முறுக்கியது. இடையிடையே முடிச்சுகள். தீக்காயத் தழும்பு முடிந்து நல்ல தோல் தொடங்குகிற இடத்தில், இறுக்கமில்லாமல் கட்டியிருந்தது. அந்தக் கையை அவள் எவருக்கும் தொடக் கொடுப்பதில்லை. பால் வாங்கக் கடைக்குப் போவதென்றாலும் சட்டைக் கையை விரல் நுனி வரை இழுத்து விட்டுக்கொண்டுதான் போவாள். நானோ அவளுடைய தாயோ களிம்பு பூசிவிடட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்பாள். அந்தக் கையில் யாரோ நூல் கட்டியிருக்கிறார்கள்.

"ஆர் பிள்ளை கட்டினது?"

"ஃபிரெண்ட்ஸ்."

"என்னத்துக்கு?"

"சும்மா, அப்பா."

எங்கள் ஆட்கள் கையில் நூலைச் சும்மா கட்டுவதில்லை. கோயிலில் ஐயர் கட்டுவார், அல்லது நேர்த்திக்குக் காப்பாகக் கட்டுவார்கள். எதற்கென்று தெரியாமல் ஒருவர் கையில் இன்னொருவர் நூல் கட்டினால், அதை அவிழ்க்கும் வரை எங்களுக்கு நித்திரை வராது. நான் மேலே ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவளைக் கவனிக்கத் தொடங்கினேன்.

அவளுக்கு நடந்ததை இங்கே சொல்லியாக வேண்டும். அதற்கு முந்திய ஆண்டின் குளிர்காலத்தில் அவள் எங்களோடு இல்லை. படிப்பு முடிந்து வேலை கிடைத்ததும், கூடப் படித்த ஒரு தோழியோடு கிழக்கு லண்டனில் ஒரு கடைக்கு மேலே இருந்த பிளாட்டை வாடகைக்கு எடுத்துப் போய்விட்டாள். படியடியில் யாரோ ஒரு மின்சாரச் சைக்கிளைச் சார்ஜில் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அதன் பற்றறி வெடித்து, வெளியே போகிற ஒரே வழியில் தீப்பிடித்தது. மகள் எனக்குத் தொலைபேசி எடுத்தாள். "அப்பா, வீட்டுக்குள்ள புகை" என்றாள். அதோடு தொடர்பு அறுந்தது. எங்கள் வீடு இருக்கும் இல்ஃபோர்டிலிருந்து அங்கே போய்ச் சேரும் வரை நான் திரும்பத் திரும்ப அழைத்துக்கொண்டே கார் ஓட்டினேன். மணி அடித்தது. எவரும் எடுக்கவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது அவள் அம்புலன்ஸ் வண்டிக்குள் இருந்தாள். பின் யன்னலால் கீழே இருந்த தட்டைக் கூரையில் குதித்திருக்கிறாள். இடது கையும் கழுத்தின் ஒரு பக்கமும் எரிந்திருந்தன. தோழி இன்னொரு வண்டியில் இருந்தாள். அவளுக்குப் புகை மட்டும்தான். எவரும் சாகவில்லை. எல்லோரும் எங்களிடம் அதையே சொன்னார்கள். நாங்களும் எங்களுக்கு அதையே சொல்லிக்கொண்டோம்.

மகள் எங்களோடு திரும்பி வந்து தன் பழைய அறையில் இருந்தாள். கை ஆறியது. ஆனால் அந்த வீட்டுக்குள் அன்று என்ன நடந்தது என்பதை அவள் எங்களுக்குச் சொல்லவேயில்லை. பொலிசுக்கும் தீயணைப்புக்காரருக்கும் சொல்லியிருப்பாள். குடும்ப வைத்தியர் ஒழுங்குபடுத்திய கவுன்சிலிங்கில் ஏதாவது சொல்லியிருக்கலாம். எங்களிடம் இல்லை. கேட்டால் எழும்பி அறைக்குப் போய்விடுவாள். அவள் என்னோடு கதைக்க வேண்டும் என்பதைத் தவிர அந்த நாட்களில் எனக்கு வேறு ஆசை இருக்கவில்லை.

நானும் நன்றாக இருந்தேன் என்று சொல்ல மாட்டேன். நான் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் படிப்பிக்கிறேன். அந்தக் குளிர்காலத்துக்குப் பிறகு வகுப்பில் பன்சன் அடுப்பைப் பற்றவைக்கவில்லை. வீடியோவைப் போட்டுக் காட்டிவிட்டு, பாதுகாப்பு விதிகள் மாறிவிட்டன என்று பிள்ளைகளிடம் சொன்னேன். வீட்டில் படுக்கப் போகுமுன் கேத்தல், டோஸ்டர், டிவி எல்லாவற்றையும் கழற்றிவிடுவேன். ஒருநாள் வைஃபையையும் கழற்றிவிட்டேன். "உதுவும் பத்துமோ?" என்று மனைவி கேட்டாள்.

முதலில் நாங்கள் செய்யத் தெரிந்ததைச் செய்தோம். வெஸ்ட் ஈலிங்கில் உள்ள அம்மன் கோயிலுக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனோம். அர்ச்சனைத் தட்டோடு வரிசையில் நின்றபோது தெரிந்தவர்கள் வந்து சூழ்ந்துகொண்டார்கள். ஒரு அன்ரி மகளின் கன்னத்தைத் தடவி, "அம்மன்தான் பிள்ளையைக் காப்பாத்தினவ. இல்லாட்டி உந்த நெருப்புக்குள்ள இருந்து ஆர் வருவினம்?" என்றார். இன்னொருவர் கழுத்துத் தழும்பைப் பார்த்துவிட்டு, "சேலை உடுத்தாத் தெரியாது" என்றார். அது கலியாணத்தை நினைத்துச் சொன்னது. கற்பூரம் காட்டும் நேரத்தில் திரும்பிப் பார்த்தேன். மகள் அங்கே இல்லை. தேடிப் போனபோது பேருந்து நிறுத்தத்தில் நின்றாள். கற்பூரத்தைக் கண்டு பயந்துவிட்டாள் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு அவளைக் கோயிலுக்குக் கூப்பிடவில்லை.

பிறகுதான் அந்தப் பெண் வந்தாள். தழும்பை அழுத்தித் தேய்த்து இளக வைப்பதற்காக மகள் வைத்தியசாலைக்குப் போய் வருவாள். அங்கே காத்திருக்கிற இடத்தில் அறிமுகமான வெள்ளைக்காரி. அறுபது வயதிருக்கும். கொதி எண்ணெய் கொட்டி வலது கை வெந்தவள். நரைத்த முடியை ஒற்றைச் சடையாகப் பின்னி முன்னால் போட்டிருப்பாள். வீட்டில் நான் அவளை வெள்ளிச் சடைக்காரி என்றே சொல்லுவேன். அவளும் இன்னும் சிலரும் மாதத்துக்கு ஒரு தடவை சிங்ஃபோர்டில், எப்பிங் காட்டை ஒட்டிய அவளுடைய வீட்டில் கூடுவார்கள் என்று மகள் சொன்னாள். காட்டுக்குள் நடப்பார்களாம். பிறகு தோட்டத்தில் இருப்பார்களாம்.

"என்ன குரூப்?"

"நேச்சர் மாதிரி."

"நேச்சர் மாதிரி எண்டால்?"

"அப்பா. அவை பேகன்ஸ்."

அந்தச் சொல்லை இணையத்தில் தேடினேன். கிறிஸ்தவத்துக்கு முந்திய ஐரோப்பிய வழிபாடுகளை மீண்டும் கைக்கொள்ளுகிறவர்கள் என்று இருந்தது. சூரியனையும் நிலவையும் மரங்களையும் பருவங்களையும் போற்றுவார்கள் என்று இருந்தது. அதோடு இருட்டில் முகமூடி போட்டவர்களின் படங்களும் இருந்தன. மனிதர் காயப்பட்டு வந்து காத்திருக்கிற இடத்தில் நின்று ஒருத்தி ஆள் சேர்க்கிறாள் என்பதுதான் எனக்கு உறைத்தது. நல்லது செய்கிறவர்கள் ஏன் அங்கே ஆள் தேட வேண்டும்?

மனைவிக்கு அப்படித் தோன்றவில்லை. அவள் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறாள். நாள் முழுக்கச் சனத்தைப் பார்த்துப் பார்த்து, யார் எதை நம்பினாலும் அதிசயிக்காத ஆள்.

"நாங்கள் அரசமரத்தைச் சுத்துறம், பாம்புப் புத்துக்குப் பால் வாக்கிறம், வெறும் சூலத்துக்குப் பட்டுக் கட்டுறம். நீங்கள் என்னண்டால் வெள்ளைக்காரர் மரத்தைக் கும்பிடுகினம் எண்டு பயப்பிடுறியள்" என்றாள்.

"அது வேறை, இது வேறை."

"எப்பிடி வேறை?"

"எங்கட மரம் எங்களுக்குத் தெரியும்."

அவள் சிரித்தாள். நான் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

கோயில் வேலைகளில் முன்னுக்கு நிற்கிற ஒரு அண்ணைக்குத் தொலைபேசி எடுத்தேன். குரோய்டனில் விசாவுக்காக நான் அலைந்த காலத்திலிருந்து பழக்கம். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"தம்பி, நான் சொல்லுறன் எண்டு குறை நினையாதையும். பிள்ளையள் உடைஞ்சுபோய் இருக்கேக்கதான் உவங்கள் வருவாங்கள். காசு கேட்டவையோ?"

"இல்லை அண்ணை. ஒரு சதமும் கேக்கேல்லை."

"அப்ப இன்னும் மோசம். காசு கேக்காதவன் வேறை என்னவோ கேக்கப் போறான்."

அது எனக்கு மிகச் சரியாகப் பட்டது. அடுத்த தடவை மகளை நானே காரில் கொண்டுபோய் விட்டேன். விட்டுவிட்டுப் போகாமல், தெரு முனையில் காரை நிறுத்தி அதற்குள்ளேயே இருந்தேன். அந்த வீட்டின் வேலிக்கு மேலால் மெல்லிய புகை எழுந்தது. பாட்டுப் போல ஏதோ கேட்டது. மகள் வெளியே வந்தபோது அவள் உடுப்பில் விறகுப் புகை மணந்தது. மெழுகுதிரியைக் கண்டாலே அறையை விட்டுப் போகிற பிள்ளை. இவர்கள் அவளை நெருப்புக்குப் பக்கத்தில் இருத்தி வைத்திருக்கிறார்கள். வீட்டுக்கு வரும் வரை ஒன்றும் கேட்காமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கேட்டால் கதைக்க மாட்டாள் என்ற பயம். எங்களுக்குச் சொல்லாததையெல்லாம் அந்த வட்டத்தில் இருக்கிறவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்ற பயம் அதைவிடப் பெரிது.

நூல் கட்டிய அந்த வசந்தத்தில் வேறு சிலதும் கண்டேன். அவள் மச்சம் சாப்பிடுவதை விட்டிருந்தாள். தாய் கோழிக்கறி வைத்தால் பருப்பும் சோறும் மட்டும் போட்டுக்கொண்டு போவாள். விடிய எழும்பி வீட்டுக்குப் பின்னால் இருக்கிற சின்னப் புல்தரையில், பனி ஈரத்தில், வெறுங்காலோடு மேலும் கீழும் நடந்தாள். குளிர் ஏறும் பிள்ளை, செருப்பைப் போடு என்றால், "தேவை அப்பா" என்றாள். ஏப்ரல் கடைசியில் வெள்ளைப் பூப் பூத்த ஒரு முள் மரக்கிளையைக் கொண்டுவந்து வாசல் கதவுக்கு வெளியே கட்டினாள். உள்ளே கொண்டுவரக் கூடாதாம். மே மாத முதல் கிழமையில் பெரிய கூடுகை ஒன்று இருக்கிறது, அன்றைக்கு நெருப்பு மூட்டுவார்கள் என்று தாயிடம் சொல்லியிருக்கிறாள்.

இவற்றையெல்லாம் வேதியியல் வாத்தியார் ஒருவர் சேர்த்துப் பார்த்தால் என்ன விடை வரும்? கையில் காப்பு. மச்சம் தவிர்த்து விரதம். வாசலில் கிளை. வெறுங்காலில் நடந்து பாதத்தைப் பழக்குதல். கடைசியில் நெருப்பு. அம்மன் கோயிலில் தீமிதிப்புக்கு நேர்ந்தவர்கள் செய்கிற அத்தனையும் என் வீட்டில் வரிசையாக நடந்துகொண்டிருந்தன. காப்புக் கட்டினால் நேர்த்தி முடியும் வரை பின்வாங்க ஏலாது. இவர்கள் என் பிள்ளையைத் தணலில் நடக்க வைக்கப் போகிறார்கள் என்று எனக்குச் சந்தேகமே இல்லாமல் தெரிந்தது.

"விசர்க்கதை கதையாதேங்கோ" என்றாள் மனைவி. "வெள்ளைக்காரர் எங்க தீ மிதிக்கிறவை?"

"உமக்கு விளங்காது. அப்ப ஏன் மச்சம் சாப்பிடுறாள் இல்லை?"

"அதை அவளிட்டையெல்லோ கேக்க வேணும்."

அவளிடம் கேட்டேன். மச்சத்தை அல்ல, மே மாதக் கூடுகையை. குடும்பத்தவர்களும் வரலாமோ என்றேன். மகள் என்னை ஒரு கணம் பார்த்தாள். "வரலாம். ஆனால் ஏன்?"

"சும்மா."

"நீங்கள் சும்மா ஒண்டும் செய்ய மாட்டியள் அப்பா" என்றாள். என்றாலும் வர வேண்டாம் என்று சொல்லவில்லை.

அன்று சனிக்கிழமை. மனைவிக்குக் கடையில் ஷிப்ட். நான் பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் இருந்து கேட்டு வாங்கிய தீப்போர்வை ஒன்றையும், தீக்காயத்துக்குப் பூசும் ஜெல்லையும், இரண்டு பெரிய போத்தல் தண்ணீரையும் முதுகுப் பையில் வைத்தேன். மனைவி வேலைக்கு வெளிக்கிடும்போது பையைத் தூக்கிப் பார்த்தாள்.

"இமயமலைக்கோ போறியள்?"

காட்டுக்குள் நெருப்பு மூட்டத் தடை இருக்கிறது. அதையும் வாசித்து வைத்திருந்தேன். அவர்கள் மூட்டினால் உடனே பொலிசுக்குத் தொலைபேசி எடுக்கலாம் என்று இருந்தேன். ஆனால் காட்டுக்குள் அவர்கள் நடக்க மட்டுமே செய்தார்கள். பதினைந்து பேர் வரை இருக்கும். முகமூடி இல்லை, அங்கி இல்லை. மழைக்கோட்டும் சேற்றுச் சப்பாத்தும். தடித்த ஒரு ஆள் மட்டும் கால்பந்துச் சட்டைக்கு மேலே தலையில் பூவளையம் வைத்திருந்தான். ஒரு பழைய ஓக் மரத்துக்குப் பக்கத்தில் நின்று எல்லோரும் பேசாமல் இருந்தார்கள். நானும் பேசாமல் நின்றேன். மகள் மரத்தில் தன் இடது உள்ளங்கையை வைத்தாள். சட்டைக் கை மடித்து விடப்பட்டிருந்தது. வெளியே, மற்றவர்களுக்கு முன்னால், அந்தக் கையை நான் முழுதாகப் பார்த்தது அன்றுதான். எனக்குச் சந்தோசம் வரவில்லை. இவர்களுக்கு முன்னால் மடிக்கிறாள், எங்களுக்கு முன்னால் ஏன் மடிப்பதில்லை என்றுதான் ஓடியது.

பிறகு வெள்ளிச் சடைக்காரியின் வீட்டுத் தோட்டத்துக்கு வந்தோம். சாதாரணத் தோட்டம். உடுப்புக் காயப்போடும் கம்பி, பிளாஸ்டிக் கதிரைகள், ஒரு மேசையில் உருளைக்கிழங்கு சாலட்டும் சூப்பர்மார்க்கெட் சமோசாவும். அவள் எனக்குக் கை கொடுத்தாள். வெந்த கை. தோல் வழுவழுப்பாக இருந்தது. இனி அங்கே நடந்த பேச்செல்லாம் ஆங்கிலத்தில்.

"காருக்குள் இருக்கிற அப்பா நீங்கள்தானா?"

நான் முதுகுப் பையின் பட்டியை இறுக்கினேன்.

"அடுத்த தடவை உள்ளே வந்து தேநீர் குடியுங்கள். பக்கத்து வீட்டார் உங்களைத் துப்பறிய வந்தவர் என்று நினைத்துவிட்டார்கள்."

"பாதி சரிதான்" என்றான் பூவளையக்காரன். எல்லோரும் சிரித்தார்கள். மகளும் சிரித்தாள்.

தோட்டத்தின் நடுவே இரண்டு இரும்புச் சட்டிகள் இருந்தன. குந்தியிருக்கும் உயரத்தில், காலுள்ள அகன்ற சட்டிகள். இரண்டுக்கும் இடையில் ஒரு ஆள் தாராளமாக நடந்து போகக்கூடிய இடைவெளி. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு வாளி நிறையத் தண்ணீர். தணல் குழி எங்கே என்று நான் கண்ணால் தேடினேன். இல்லை. ஏமாற்றம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் முதுகுப் பையை இறக்கவில்லை.

வெள்ளிச் சடைக்காரி எனக்குத் தேநீர் கொண்டுவந்து பக்கத்தில் இருந்தாள். கேட்க வேண்டியதை நேரே கேட்டேன்.

"அன்றைக்கு என்ன நடந்தது என்று என் மகள் உங்களிடம் சொல்லியிருக்கிறாளா?"

"இல்லை. நான் கேட்டதும் இல்லை."

"வேறு யாரிடமாவது?"

"எனக்குத் தெரிந்து இல்லை. முதல் தடவை வந்தபோது அவள் தோட்டத்துக்கே வரவில்லை. குசினிக்குள் நின்று கண்ணாடிக் கதவால் பார்த்தாள். அடுத்த தடவை கதவடியில் கதிரை போட்டாள். பிறகு ஒவ்வொரு தடவையும் கதிரையைக் கொஞ்சம் கிட்டக் கொண்டுவந்தாள். கிட்ட வந்ததும் நூலில் ஒரு முடிச்சுப் போடுவாள். அவளே போடுவாள். ஒற்றைக் கையால் அதைக் கட்ட முடியாது என்பதால் கட்டுவதற்கு மட்டும் எங்களில் யாராவது உதவுவோம். வேறு ஒன்றும் நாங்கள் செய்யவில்லை."

நன்றாகச் சொன்னாள். மிக நன்றாகச் சொன்னாள் என்று நினைத்தேன். பெற்றோர் வந்து கேட்டால் சொல்லத் தயாராக வைத்திருக்கிற பேச்சுப் போலவும் இருந்தது. "வெறுங்காலோடு நடப்பது?" என்றேன்.

"அது கவுன்சிலர் சொன்னதாம். பயம் வரும்போது நிலத்தை உணரப் பழகட்டும் என்று."

வெயில் சாய்ந்தபோது இரண்டு சட்டிகளிலும் நெருப்பு மூட்டினார்கள். வெள்ளிச் சடைக்காரி ஒரு சின்ன விளக்கம் சொன்னாள். முற்காலத்தில் மே மாதம் பிறக்கும்போது மாடுகளை இரண்டு நெருப்புகளுக்கு நடுவே ஓட்டிவிடுவார்களாம். குளிர்கால நோயெல்லாம் அதோடு போகும் என்ற நம்பிக்கை. இப்போது மாடுகள் இல்லை, அதனால் நாங்கள் நடக்கிறோம், விரும்பினவர்கள் மட்டும் நடக்கலாம் என்றாள். பூவளையக்காரன் மாடு போலக் கத்திக்கொண்டு முதலில் நடந்தான். ஒரு இளம் சோடி கை கோத்துக்கொண்டு நடந்தார்கள். மற்றவர்கள் மெதுவாக ஒரு பாட்டை முணுமுணுத்தார்கள்.

மகள் எழுந்தாள். சப்பாத்தைக் கழற்றினாள். காலுறையைக் கழற்றி அதற்குள் வைத்தாள். சட்டைக் கையை மடித்தாள்.

அவள் வெறுங்காலோடு நிற்பதைக் கண்டதும், அவ்வளவு நேரமும் கேட்ட விளக்கமெல்லாம் எனக்குள் இருந்து போய்விட்டது. காப்பு, விரதம், நெருப்பு. இவ்வளவுதான் இருந்தது. அவள் ஒரு அடி வைத்தாள். அடுத்த அடி. காட்டுப் பக்கமிருந்து காற்று ஒன்று வந்து இடது பக்கச் சட்டியின் சுவாலையை அவள் கைப் பக்கமாகச் சாய்த்தது. எட்டாத தூரம்தான். இப்போது தெரிகிறது. அப்போது நான் வாளியைத் தூக்கிவிட்டேன்.

அவ்வளவு தண்ணீரும் ஒரே வீச்சில் போனது. நெருப்பு சீறிக்கொண்டு அணைந்தது. சாம்பலும் நீராவியும் எழுந்து எல்லோர் மேலும் படிந்தன. மேசையில் இருந்த சாலட்டும் தப்பவில்லை. பாட்டு நின்றது. மகள் முழங்கால் வரை நனைந்து, கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். தோள்கள் இரண்டும் காது வரை ஏறியிருந்தன. அந்தச் சீறல் சத்தம் அவளை எங்கே கொண்டு போயிருக்கும் என்று நான் நினைத்தது அதற்குப் பிறகுதான்.

"மழை பெய்யும் என்று காலநிலை அறிக்கையில் சொல்லவில்லையே" என்றான் பூவளையக்காரன், மெல்ல. எவரும் சிரிக்கவில்லை.

வெள்ளிச் சடைக்காரி மகளுக்குப் பக்கத்தில் போனாள். தொடவில்லை. "இன்றைக்குப் போதுமா? நிறுத்திவிடலாமா?" என்று கேட்டாள்.

மகள் கண்ணைத் திறந்தாள். அணைந்த சட்டியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். வெறும் வாளி இன்னும் என் கையில் இருந்தது. அவள் கத்துவாள், அல்லது அழுதுகொண்டு உள்ளே ஓடுவாள், அதோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அவள் தோள்களை இறக்கி, கால்விரல்களை ஈரப் புல்லில் அழுத்தினாள். பிறகு, "ஈர விறகு பத்தாது, என்ன அப்பா?" என்றாள்.

"பத்தாது" என்றேன். "இப்போதைக்குப் பத்தாது. உலர்ந்தது போட வேணும். தணல் வேணும்."

"ஓகே."

அவளும் பூவளையக்காரனும் நனைந்த விறகை அள்ளி வெளியே போட்டார்கள். அவன் உலர்ந்த விறகு கொண்டுவந்து அடுக்கினான். மகள் சுவரில் சாய்த்திருந்த நீளப் பிடி வைத்த இரும்புக் கரண்டியை எடுத்தாள். எரிந்துகொண்டிருந்த மற்றச் சட்டிக்குப் போனாள். அதைச் செய்ய வேறு பலர் இருந்தார்கள். எவரும் முன்னுக்கு வரவில்லை. வெள்ளிச் சடைக்காரியும் வரவில்லை. அதற்காக அவள் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல.

மகள் குனிந்து, நெருப்புக்கு அடியில் கரண்டியைச் செலுத்தித் தணலை அள்ளினாள். வலது கையால் பிடியைப் பிடித்தாள். பலம் போதவில்லை. இடது கையையும் கொடுத்தாள். சிவந்த தணலைத் தனக்கு முன்னால் ஏந்திக்கொண்டு, இரண்டு சட்டிகளுக்கும் நடுவில் நடந்து வந்தாள். நான் வழியில் நின்றேன்.

"தள்ளி நில்லுங்கோ அப்பா."

தள்ளி நின்றேன். அவள் என்னைக் கடந்தபோது அந்தச் சூடு என் முகத்தில் அடித்தது. தணல் ஒன்றும் விழவில்லை. அணைந்த சட்டியில் அதைக் கொட்டி, கரண்டியைச் சுவரில் திரும்பச் சாய்த்துவிட்டு, அது பற்றுகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரத்தில் பற்றியது. அதற்குப் பிறகு அவள் நடுவே நடந்ததை எவரும் பெரிதாகக் கவனிக்கக்கூட இல்லை. சிலர் சாலட்டில் விழுந்த சாம்பலைக் கரண்டியால் வழித்துக்கொண்டிருந்தார்கள்.

நீங்களும் நடக்கிறீர்களா என்று வெள்ளிச் சடைக்காரி என்னைக் கேட்டாள். இல்லை என்றேன். அவளை நான் இன்னும் முழுதாக நம்பவில்லை. இதை எழுதுகிற இன்றும் அப்படித்தான். கேட்காமல் இருக்கிறவர்கள் எதற்காகக் கேட்காமல் இருக்கிறார்கள் என்று யோசிக்கிற பழக்கம் எனக்கு விட்டுப் போகவில்லை. அந்த இரண்டு நெருப்புகளுக்கும் ஏதாவது சக்தி இருக்கிறதா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. நான் கண்டதைத்தான் எழுத முடியும்.

திரும்பி வரும்போது வெளிச்சம் இன்னும் முழுதாகப் போகவில்லை. நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவள், "பரவாயில்லை, விடுங்கோ" என்றாள். நான் தீமிதிப்பு என்று நினைத்ததைச் சொன்னேன். காப்பு, விரதம், வாசற்கிளை எல்லாவற்றையும் சொன்னேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன்.

"மச்சம் ஏன் விட்டனான் தெரியுமோ? பொரியிற மணம், அப்பா. அவ்வளவுதான்."

அதற்கு மேல் எனக்குச் சிரிக்க முடியவில்லை. நோர்த் சர்குலர் வீதியில் ஏறினோம். வாகனங்கள் நெருக்கமாகப் போய்க்கொண்டிருந்தன. நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று முடிவு எடுத்ததால் அல்ல. கேட்க வாய் வரவில்லை.

"அண்டைக்குத் தட்டுற சத்தம் நான் கேட்டனான்" என்றாள், முன்னே பார்த்தபடி.

நான் காரை ஒரே வேகத்தில் வைத்திருந்தேன்.

"அவள் தன்ர ரூமுக்குள்ள இருந்து கதவைத் தட்டினவள். கைப்பிடி இறுகிப் போச்சு. என்ர பேர் சொல்லிக் கூப்பிட்டவள். எனக்கு வடிவாக் கேட்டது. நான் நிக்கேல்லை அப்பா. அந்தக் கதவைத் தாண்டி ஓடிப் போய்க் குதிச்சனான்."

தோழியைத் தீயணைப்புக்காரர் ஏணி வைத்து முன் யன்னலால் இறக்கினார்கள் என்று எனக்குத் தெரியும். அது மட்டும்தான் தெரியும். அவள் ஏன் ஒருநாளும் எங்கள் வீட்டுக்கு வரவில்லை, ஏன் இவள் அவளுக்குத் தொலைபேசி எடுக்கவில்லை என்று நாங்கள் யோசித்ததில்லை.

"கோயில்ல எல்லாரும் அம்மன் காப்பாத்தினவ, அம்மன் காப்பாத்தினவ எண்டு சொல்லிச்சினம். அப்ப நான் அவளை விட்டிட்டு ஓடினதும் அம்மன் சொல்லித்தானோ?"

அது உன் பிழை இல்லை என்ற வசனம் என் வாயில் வந்து நின்றது. எந்தத் தகப்பனுக்கும் வருகிற வசனம். அதைச் சொன்னால் அவள் ஓம் என்று சொல்லிவிட்டுக் கண்ணாடிப் பக்கம் திரும்பிவிடுவாள். எனக்கு அது நிச்சயமாகத் தெரிந்தது.

"பிறகு?" என்றேன்.

அவள் சொன்னாள். கூரையில் விழுந்ததையும், அங்கிருந்து முன் யன்னல் தெரியாததையும், தோழி செத்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு இருந்த அந்த நேரத்தையும், அம்புலன்ஸில் என் முகத்தைக் கண்டதும் என்ன நினைத்தாள் என்பதையும் சொன்னாள். தமிழில் தொடங்கி, ஆங்கிலத்துக்குப் போய், திரும்பத் தமிழுக்கு வந்து சொன்னாள். இல்ஃபோர்டுக்குத் திரும்பும் வழி இடது பக்கம் வந்தது. வாகனம் திரும்பினால், வீடு வந்தால், கதவைத் திறக்க வேண்டும், தாய் சாப்பிட்டாயா என்று கேட்பாள். நான் திரும்பவில்லை. அவள் கவனித்தாளோ தெரியாது. வீதி ஆற்றுப் பக்கமாகக் கிழக்கே போனது. மனைவியின் அழைப்பு வந்து தொலைபேசி அதிர்ந்து அடங்கியது. மகள் கதைத்துக்கொண்டிருந்தாள். நான் ஓட்டிக்கொண்டே இருந்தேன்.